மாடுகள் ஓடையைக் கடக்கும் நேரம்

தண்ணீருக்குள் கால் வைத்ததும் மாடு என்ன செய்யும் என்று மாடு வளர்க்கிறவர்களைக் கேளுங்கள், சிரித்துக்கொண்டே பதில் சொல்வார்கள். வாலைத் தூக்கும். அவ்வளவுதான். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த இந்த விஷயத்தை நியூசிலாந்தில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்து, 2004இல் ஆய்வுக் கட்டுரையாகவே வெளியிட்டார்கள். சின்ன ஓடைகளில் பாக்டீரியாவை அளப்பது பற்றி யாராவது கேட்டால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தக் கட்டுரைதான், அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

தெற்குத் தீவில் டாஸ்மன் மாவட்டத்தில் ஷெரி என்று ஓர் ஆறு. பெயர்தான் ஆறு, நம் ஊரில் இருந்தால் ஓடை என்றுதான் சொல்லியிருப்போம். அது வங்கபெக்கா ஆற்றில் சேர்கிறது, வங்கபெக்கா மொட்டுவேக்காவில் சேர்கிறது, மொட்டுவேக்கா கடலுக்குப் போகிறது. ஷெரியின் இரண்டு பக்கமும் பால் பண்ணைகள். மேய்ச்சல் நிலம் ஒரு கரையிலும் பால் கறக்கும் கொட்டகை மறு கரையிலும் இருந்தால் மாடு என்ன பண்ணும், தண்ணீரில் இறங்கித்தான் நடக்கும். ஒரு நாளைக்கு இரண்டு கறவை, போக வர என்று கணக்குப் போட்டால் நான்கு தடவை. அப்படி ஒரு மந்தை, 246 பசுக்கள், ஆற்றைக் கடக்கும்போது கீழ்ப்பக்கத்தில் சாம்பிள் எடுத்தார்கள். தண்ணீர் கலங்கி ஒரு மேகம் மாதிரி இறங்கி வந்தது. அந்தக் கலங்கலில் 100 மி.லி.க்கு 50,000 வரை ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா. இன்னொரு கணக்கும் எடுத்தார்கள். நடக்கும் பாதையில் ஒரு மீட்டருக்கு மாடுகள் போடும் சாணியைவிட, தண்ணீருக்குள் ஒரு மீட்டருக்குப் போடுவது சுமார் 50 மடங்கு அதிகம். மாடு வைத்திருப்பவர்கள் சிரிப்பது சரியான காரணத்தோடுதான்.

50,000 என்றால் பெரியதா சின்னதா என்று தெரிய ஓர் அளவுகோல் வேண்டும். குளிக்கிற, நீந்துகிற ஆறுகளுக்கு 2003இல் நியூசிலாந்துக்காரர்கள் வகுத்த வழிகாட்டியில் 100 மி.லி.க்கு 260 ஈ.கோலையைத் தாண்டினால் எச்சரிக்கை, 550ஐத் தாண்டினால் யாரும் இறங்காதீர்கள் என்று பலகை வைக்க வேண்டும். அப்படியானால் அந்தக் கலங்கல் மேகம் பலகை வைக்கிற அளவைப் போல தொண்ணூறு மடங்கு.

சரி, ஏன் ஈ.கோலை? 1885இல் தியோடர் எஷெரிச் என்ற ஜெர்மன் குழந்தை மருத்துவர் பச்சிளம் குழந்தைகளின் மலத்தில் கண்டு விவரித்த பாக்டீரியா இது, பெயரில் இருக்கும் ‘ஈ’ அவர் பெயரைக் குறிப்பதுதான். வெப்பரத்தப் பிராணிகளின் குடலில் கோடிக்கணக்கில் இருக்கும், பெரும்பாலான வகைகள் யாரையும் ஒன்றும் செய்யாது. பிறகு எதற்கு அதை எண்ணுகிறோம் என்றால், உண்மையில் நோய் தருகிற கேம்பிலோபேக்டர், கிரிப்டோஸ்போரிடியம், ஜியார்டியா, வைரஸ்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தேடுவது கஷ்டம், செலவு, நாள் பிடிக்கும். ஈ.கோலை இருந்தால் அண்மையில் மலமோ சாணியோ கலந்திருக்கிறது என்று அர்த்தம், கலந்திருந்தால் மற்றவையும் வந்திருக்கலாம். சாட்சியைப் பிடித்துக் குற்றவாளியை ஊகிக்கிற வேலை இது. சாட்சி எப்போதும் முழு உண்மையைச் சொல்லாது என்பதைக் கடைசி வரை மறக்கக் கூடாது.

இங்கே ஒரு குழப்பத்தை இப்போதே தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் செய்திகளில் இதைத் தொடர்ந்து தப்பாகவே எழுதுகிறார்கள். கோலிஃபார்ம் என்றால் ஒரு பெரிய கூட்டம், அதில் மண்ணிலும் செடியிலும் சும்மா வாழ்பவை நிறைய. அந்தக் கூட்டத்துக்குள் 44 டிகிரி சூட்டிலும் வளர்கிறவைதான் ஃபீக்கல் கோலிஃபார்ம். அதற்குள்ளும் ஒரு பங்குதான் ஈ.கோலை. நம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வகைப்பாட்டில் குளிக்கும் தண்ணீருக்கான ‘பி’ வகுப்புக்கு மொத்தக் கோலிஃபார்ம் 500க்குள் இருக்க வேண்டும். அதே குளியல் தண்ணீருக்கான இன்னொரு அளவுகோலில் ஃபீக்கல் கோலிஃபார்ம் 500 இருந்தால் நல்லது, அதிகபட்சம் 2,500 வரை போகலாம். அமெரிக்காவில் 2012இல் சொன்ன அளவு ஈ.கோலை 126. இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ‘அமெரிக்காவைவிட நாம் இத்தனை மடங்கு மோசம்’ என்று எழுதுகிறவர்கள், படியையும் மரக்காலையும் ஒரே வரிசையில் அடுக்கிவிட்டு எது பெரியது என்று கேட்கிறார்கள். எண்ணப்பட்டதே வேறு வேறு. குடிதண்ணீருக்கு மட்டும் இந்தத் தகராறு கிடையாது: இந்தியத் தர நிர்ணயப்படி எந்த 100 மி.லி. சாம்பிளிலும் ஈ.கோலை ஒன்றுகூடத் தென்படக் கூடாது.

இனி எண்ணுவது எப்படி என்று பார்க்கலாம். நான் கல்லூரியில் முதன்முதலில் செய்தது பல குழாய் முறை. மேக்கான்கி திரவம் ஊற்றிய பதினைந்து சோதனைக் குழாய்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் சுண்டுவிரல் நகம் அகலத்தில் ஒரு குட்டிக் குழாய் தலைகீழாகக் கிடக்கும், அதற்கு டர்ஹாம் குழாய் என்று பெயர். ஐந்து குழாய்களில் 10 மி.லி. ஓடைத் தண்ணீர், ஐந்தில் 1 மி.லி., ஐந்தில் 0.1 மி.லி. ஊற்றி 37 டிகிரியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். மறுநாள் காலையில் இன்குபேட்டர் கதவைத் திறந்தால் முதலில் வருவது வாடை, புளித்த மாவும் கழுவாத பால் பாத்திரமும் கலந்த ஒரு வாடை. கத்தரிப்பூ நிறமாக இருந்த திரவம் சில குழாய்களில் மஞ்சளாகியிருக்கும், அவற்றின் டர்ஹாம் குழாய்க்குள் ஒரு காற்றுக்குமிழ் ஏறி நிற்கும். திரவத்தில் இருக்கும் லாக்டோஸை, அதாவது பால் சர்க்கரையைத் தின்று அமிலமும் வாயுவும் விட்டிருக்கிறது, அதாவது உள்ளே கோலிஃபார்ம் இருக்கிறது. குமிழ் இருக்கும் குழாய்களை எண்ணி அட்டவணையில் பார்த்தால் எண் வரும். முதல் வரிசையில் ஐந்து, இரண்டாவதில் ஐந்து, மூன்றாவதில் பூஜ்யம் என்றால் 100 மி.லி.க்கு 240.

அந்த 240ஐப் பார்த்து நான் ரொம்பப் பெருமையாக நோட்டில் எழுதினேன். அட்டவணையில் பக்கத்திலேயே இன்னும் இரண்டு எண்கள் இருந்தன: 70, 710. உண்மை அளவு இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது, 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லலாம் என்று பொருள். பத்து மடங்கு அகலமான ஒரு வாசலைத் திறந்து வைத்துவிட்டு நடுவில் நின்று 240 என்று சொல்கிறோம். முறையின் பெயரே ‘மிகவும் சாத்தியமான எண்ணிக்கை’தான், யாரும் ஒளித்துவைக்கவில்லை, அறிக்கையில் தட்டச்சாகும்போது அந்த இரண்டு எண்களும் காணாமல் போய்விடுகின்றன, அதுதான் பிரச்சினை. பார்க்கிறவருக்கு 240 என்பது 500க்குக் கீழே, பாஸ்.

துல்லியமான முறைகளும் உண்டு. 0.45 மைக்ரான் துளையுள்ள சவ்வில் தண்ணீரை வடிகட்டி, அந்தச் சவ்வைச் சத்துள்ள தட்டில் வைத்து, முளைக்கும் புள்ளிகளை எண்ணலாம். ஒரு புள்ளி ஒரு காலனி, அதாவது சவ்வில் சிக்கிய பாக்டீரியா அங்கேயே பெருகி உண்டான கூட்டம், அதனால் இந்த எண்களைக் காலனிக் கணக்கில் சொல்வார்கள். ஓடைத் தண்ணீரில் சேறு இருந்தால் சவ்வு அடைத்துக்கொள்ளும், மழைக்காலத்தில் இது தலைவலி. கோலிலெர்ட் என்று ஒரு பொடி இருக்கிறது, தண்ணீரில் கரைத்து ஒருநாள் வைத்தால் கோலிஃபார்முக்கு மஞ்சளாகும், ஈ.கோலை இருந்தால் புறஊதா விளக்கின் அடியில் நீலமாக மின்னும். இப்போது பல நாடுகளில் ஓடைகளைக் கண்காணிப்பவர்கள் அதிகம் பயன்படுத்துவது இதைத்தான்.

நம் நாட்டுப் பங்களிப்பு ஒன்றையும் சொல்ல வேண்டும். குவாலியரில் இருக்கும் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தில் மஞ்சா, மௌரியா, ராவ் மூவரும் 1982இல் வெளியிட்ட சோதனை அது. மருந்து தோய்த்துக் காயவைத்த ஒரு காகிதம், ஒரு பாட்டில், அவ்வளவுதான். தண்ணீரை ஊற்றி வெதுவெதுப்பான இடத்தில் ஓர் இரவு வைத்தால், குடல் பாக்டீரியா இருந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாகிக் காகிதம் கறுத்துப்போகும். இன்குபேட்டர் வேண்டாம், கரண்ட் வேண்டாம். கிணற்றுக்கும் கைபம்புக்கும் அருமையான சோதனை, நம் கிராமங்களில் இன்றும் பயன்படுகிறது. ஓடைக்குக் கொண்டுபோனால் மட்டும் பிரயோஜனம் இல்லை, ஏனென்றால் அது இருக்கு, இல்லை என்று மட்டும்தான் சொல்லும். திறந்தவெளியில் ஓடுகிற எந்தத் தண்ணீரும் கறுக்கத்தான் செய்யும். கொக்கு ஒன்று மேலே பறந்தால் போதும்.

கொக்கு என்றது விளையாட்டுக்கு இல்லை. எட்வின் கெல்ட்ரைக் என்ற அமெரிக்க ஆய்வாளர் பிராணிகளின் கழிவில் ஃபீக்கல் கோலிஃபார்ம் எவ்வளவு என்று பட்டியல் போட்டார், இன்றும் எல்லாரும் அதைத்தான் புரட்டுகிறார்கள். மனிதக் கழிவில் கிராமுக்குச் சுமார் 1.3 கோடி. பசுவின் சாணியில் வெறும் 2.3 லட்சம். ஆட்டில் 1.6 கோடி, வாத்தில் 3.3 கோடி. ஆனால் பசு ஒரு நாளில் போடும் அளவு அதிகம் இல்லையா, அதனால் ஒரு நாளைக்கு என்று பார்த்தால் மனிதர் சுமார் 200 கோடி, பசு 540 கோடி, வாத்து 1,100 கோடி. ஒரு வாத்து இரண்டு பசுவுக்குச் சமம். குளத்தில் நாலு வாத்து நீந்துகிற படத்தைப் போட்டு ‘தூய்மையான கிராமத்துத் தண்ணீர்’ என்று எழுதுகிறவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

இந்தப் பட்டியலை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம், எனக்கு இது பிடித்த கணக்கு. ஒரு மாடு ஓடையில் ஒரு தடவை சாணி போடுகிறது, இரண்டு கிலோ என்று வைத்துக்கொள்வோம். கிராமுக்கு 2.3 லட்சம் என்றால் மொத்தம் 46 கோடி, அத்தனையும் ஈ.கோலை என்றே இந்தக் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். அத்தனையும் கரைந்துவிட்டால், அதை 260 என்கிற எச்சரிக்கை எல்லைக்குக் கொண்டுவர எவ்வளவு சுத்தமான தண்ணீர் வேண்டும்? சுமார் 1,77,000 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரி பதினைந்து. விநாடிக்கு 100 லிட்டர் ஓடுகிற சின்ன ஓடை என்றால் அரை மணி நேரத்துத் தண்ணீர் முழுவதும் அந்த ஒரே ஒரு சாணிக்குச் சரியாகப் போயிற்று. 246 மாடுகள் கடந்தால் 50,000 வந்ததில் என்ன ஆச்சரியம்.

இதே கணக்கில் இன்னொன்றும் தெரிகிறது. 1,77,000 லிட்டரில் இரண்டு கிலோ சாணி கரைந்தால் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, அதாவது தண்ணீரில் உள்ள கழிவை நுண்ணுயிர்கள் சிதைக்க எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன், சுருக்கமாகப் பிஓடி, கொஞ்சம்கூட அசையாது. கரைந்த ஆக்சிஜனும் பளிச்சென்று இருக்கும். பார்க்கத் தெளிவாக, கெமிஸ்ட்ரி ரிப்போர்ட்டில் எல்லாம் பச்சையாக இருக்கிற ஓடை பாக்டீரியாவில் தோற்றுப்போவது இதனால்தான். சாக்கடையும் ஆலைக் கழிவும் விழுகிற பெரிய ஆறுகளை மனதில் வைத்து வந்த சோதனைகள் பிஓடி போன்றவை. கிராமத்து ஓடையின் சிக்கல் அங்கே தெரியாது. இந்தியாவில் பிஓடியை 27 டிகிரியில் மூன்று நாள் வைத்துப் பார்க்கிறோம், வெளிநாட்டில் 20 டிகிரியில் ஐந்து நாள். எத்தனை நாள் வைத்தாலும் மாடு கடந்தது அதில் தெரியப்போவதில்லை.

இப்போது நான் முக்கியம் என்று நினைக்கிற இடத்துக்கு வருகிறேன். மாதம் ஒரு தடவை, வேலை நாளில், காலை பதினொரு மணிக்கு ஒருவர் ஷெரி மாதிரி ஓர் ஆற்றுக்கு வந்து ஒரு பாட்டில் எடுத்துப் போகிறார் என்று வையுங்கள். மாடுகள் விடிகாலையில் கடந்துவிட்டன. மத்தியானத்துக்கு மேல்தான் அடுத்த கறவை. கலங்கல் மேகம் ஒவ்வொன்றும் அரை மணி நேரம் ஓடுகிறது என்று கொண்டால் நான்கு தடவைக்கு இரண்டு மணி நேரம். மிச்சம் இருபத்திரண்டு மணி நேரம் ஆறு அமைதியாக ஓடுகிறது. பதினொரு மணிக்காரர் வருடம் முழுக்க வந்தாலும் மாடு ஒன்றையும் பார்க்கவே மாட்டார். அவர் எண்கள் பொய் இல்லை. அவர் வந்த நேரத்து ஆறு அப்படித்தான் இருந்தது.

இதில் சூரியனும் சேர்ந்துகொள்கிறது. வெயிலின் புறஊதாக் கதிர் பாக்டீரியாவைக் கொல்லும், அதனால் ஆழமில்லாத தெளிந்த ஓடையில் காலையில் எண்ணிக்கை அதிகமாகவும் பிற்பகலில் குறைவாகவும் இருப்பது வழக்கம். அதே இடம், அதே நாள், வேறு எண். தண்ணீர் கலங்கலாக இருந்தால் வெயில் உள்ளே இறங்காது, பாக்டீரியா பிழைத்துக்கொள்ளும். அதனால் லேப் ரிப்போர்ட் யாராவது நீட்டினால் நான் எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் பாட்டிலில் எழுதிய நேரத்தைத் தேடுவேன், அப்புறம் முந்தின இரண்டு நாள் மழை பெய்ததா என்று கேட்பேன். பாதி ரிப்போர்ட்டில் தேதி இருக்கும், நேரம் இருக்காது.

சராசரி எடுப்பதிலும் இதே வம்பு. ஐந்து சாம்பிள்: 90, 110, 130, 120, 6,000. சாதாரணச் சராசரி 1,290, ஆறு படுமோசம். நடு எண் 120, ஆறு அருமை. பெருக்கிப் பெறும் சராசரி, அதாவது ஐந்தையும் பெருக்கி ஐந்தாம் மூலம் எடுத்தால் 247, எல்லைக்குக் கொஞ்சம் கீழே, பரவாயில்லை. மூன்றும் கணக்குப்படி சரி. பாக்டீரியா எண்கள் பத்து, நூறு மடங்கு என்று தாவுவதால் பெருக்கல் சராசரியைத்தான் வழக்கமாகப் பயன்படுத்துகிறார்கள், அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த 6,000 வந்த மத்தியானம் ஒரு குழந்தை ஆற்றில் குளித்துக்கொண்டிருந்தால் அதற்குச் சராசரியால் என்ன? நீந்துகிற இடங்களைத் தரம் பிரிக்கும்போது நியூசிலாந்துக்காரர்கள் மேல் ஐந்து சதவீதம் எங்கே நிற்கிறது என்பதையும் பார்ப்பது இதற்காகத்தான். எனக்கு அது நேர்மையான வழியாகப் படுகிறது.

மாடு போய்விட்டால் கதை முடிந்ததா என்றால், இல்லை. ஓடையின் அடியில் இருக்கிற வண்டலில் ஈ.கோலை போய்ப் படிந்துகொள்கிறது. அங்கே வெயில் இல்லை, சத்து இருக்கிறது, ஜில்லென்று இருக்கிறது. வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். இதையும் நியூசிலாந்தில்தான் அழகாகச் சோதித்தார்கள். வடக்குத் தீவில் வைகாடோ பகுதியில் டோபெஹேஹே என்ற ஓடை. மேலே ஒரு நீர்த்தேக்கம். மழையே இல்லாத நாட்களில் அந்தத் தேக்கத்திலிருந்து தண்ணீரைத் திறந்துவிட்டுச் செயற்கையாக வெள்ளம் வரவைத்தார்கள். மழை இல்லை, அதனால் வயலிலிருந்து எதுவும் அடித்துக்கொண்டு வர வழியில்லை. அப்படியும் ஈ.கோலை நூற்றுக்கணக்கிலிருந்து பத்தாயிரக் கணக்குக்கு ஏறியது. அத்தனையும் அடி வண்டலிலிருந்து கிளம்பியது. அடுத்தடுத்து மூன்று வெள்ளம் விட்டார்கள்; ஒவ்வொரு தடவையும் உச்சம் குறைந்துகொண்டே வந்தது, கிடங்கு காலியாகிறது. கணக்குப் போட்டதில் ஓடைப் படுகையின் ஒரு சதுர மீட்டரில் பத்துக் கோடி என்ற அளவில் இருப்பு.

அந்தச் சோதனையில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, பாக்டீரியாவின் உச்சம் தண்ணீரின் உச்சத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது. வெள்ளம் ஏறும்போதே வண்டலைக் கிளப்பிக்கொண்டு போய்விடுகிறது. புது வெள்ளம் வருது, நிறைய ஏறட்டும், அப்புறம் போய் எடுக்கலாம் என்று டீ குடித்துவிட்டு வருகிறவர் உச்சத்தைத் தவறவிட்டிருப்பார். கலங்கலும் பாக்டீரியாவும் சேர்ந்தே ஏறி இறங்குவதால், கலங்கல் மானியை ஓடையிலேயே பொருத்தி நிமிஷத்துக்கு நிமிஷம் அளந்து, அதை வைத்துப் பாக்டீரியாவை ஊகிக்கிறவர்களும் உண்டு. சாட்சிக்குச் சாட்சி. அந்தந்த ஓடையில் இரண்டையும் சேர்த்து அளந்து பழகிய பிறகுதான் இது செல்லும்.

வண்டலில் இருப்பு இருக்கிறது என்பதால்தான் சாம்பிள் எடுப்பதற்கு இத்தனை சம்பிரதாயம். நான் முதல் தடவை ஓடையில் இறங்கியபோது நேராக நடுவுக்குப் போய், திரும்பி, கரையைப் பார்த்து நின்று, என் காலடியிலேயே பாட்டிலை முக்கினேன். கூட வந்த சீனியர் ஒன்றும் சொல்லாமல் பாட்டிலை வாங்கித் தண்ணீரைக் கொட்டிவிட்டார். ‘நீ எடுத்தது ஓடை இல்லப்பா, உன் செருப்பு’ என்றார். கால் வைத்ததும் அடிச்சேறு கிளம்பும், அது கீழே போகும். அதனால் தண்ணீர் வரும் திசையைப் பார்த்து நிற்க வேண்டும், கையை முன்னால் நீட்டி, ஓட்டத்தின் நடுவில், மேலே மிதக்கும் படலமும் இல்லாமல் அடியும் தொடாமல் ஒரு சாண் ஆழத்தில், பாட்டிலின் வாய் ஓட்டத்தைப் பார்க்க நிரப்ப வேண்டும். கழுத்து வரை நிரப்பாமல் கொஞ்சம் காற்றுக்கு இடம் விட வேண்டும், லேபில் குலுக்குவதற்கு. உடனே ஐஸ் பெட்டிக்குள். ஆறு மணி நேரத்துக்குள் லேபுக்குப் போய்விட்டால் நல்லது. பைக்கில் முன்னால் மாட்டி வெயிலில் கொண்டுபோன சாம்பிளில் எண்ணிக்கை கூடியிருக்கலாம், குறைந்திருக்கலாம், எதுவாக இருந்தாலும் அது ஓடையின் எண் இல்லை.

யாருடைய கழிவு என்பது அடுத்த கேள்வி, ஊரில் சண்டை வருவதும் இங்கேதான். 1960களில் ஒரு சுலபமான வழி சொன்னார்கள்: ஃபீக்கல் கோலிஃபார்ம் எண்ணிக்கையை ஃபீக்கல் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற இன்னொரு குடல் பாக்டீரியாவின் எண்ணிக்கையால் வகுங்கள், 4க்கு மேல் என்றால் மனிதர், 0.7க்குக் கீழே என்றால் பிராணி. கேட்க நன்றாக இருந்தது. ஆனால் இரண்டு பாக்டீரியாவும் தண்ணீரில் ஒரே வேகத்தில் சாவதில்லை, அதனால் நேரம் ஆக ஆக விகிதமே மாறிவிடுகிறது. ஆய்வாளர்கள் அதைக் கைவிட்டு ரொம்ப காலம் ஆகிறது. நம் பக்கம் இன்னும் சில ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுகளில் அதைப் பார்த்தால் எனக்குச் சங்கடமாக இருக்கும். இப்போது மனிதக் குடலில் மட்டும் அதிகம் வாழ்கிற பாக்டீராய்டீஸ் வகையின் மரபணுத் துண்டைத் தேடுகிறார்கள், 2000த்தில் அடையாளம் கண்ட எச்எஃப்183 என்பது அதில் பிரபலமானது. மாட்டுக்கும் பறவைக்கும் தனித்தனிக் குறிகள் வந்துவிட்டன. செலவு அதிகம். ஷெரியில் அதெல்லாம் தேவைப்படவில்லை, 246 பேரும் கண்ணெதிரே நடந்து போனார்கள்.

நம்மைப் போன்ற வெப்ப நாடுகளுக்கு இன்னொரு சிக்கல். ஹவாயில் ரோஜர் ஃபுஜியோகா என்பவர் காட்டியது: அங்கே ஈ.கோலை மண்ணிலேயே குடியிருந்து பெருகுகிறது. மழை பெய்து மண் கரைந்தால், ஒரு மாடும் ஒரு மனிதரும் இல்லாத காட்டு ஓடையிலும் எண் ஏறும். குளிர் நாட்டில் அண்மையில் கழிவு கலந்தது என்பதற்கு நல்ல சாட்சியாக இருப்பது, 30 டிகிரி மண்ணில் கொஞ்சம் உளறத் தொடங்குகிறது. அதற்காகத் தூக்கிப்போட வேண்டியதில்லை. மழை நாளில் வந்த ஒரு பெரிய எண்ணைப் பார்த்ததும் மேலே இருக்கிற குடியிருப்பைக் குற்றம் சொல்லாமல், குடியிருப்புக்கு மேலே ஒரு பாட்டில், கீழே ஒரு பாட்டில் என்று அதே மணி நேரத்தில் எடுத்துப் பார்த்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

மாட்டுச் சாணிதானே, மனிதக் கழிவு மாதிரி ஆபத்தா என்று கேட்பவர்கள் உண்டு. நம் ஊரில் சாணியை வாசலில் தெளிக்கிறவர்கள் நாம், கேள்வி நியாயமானது. வைரஸ்களைப் பொறுத்தவரை மனிதக் கழிவுதான் மோசம். ஆனால் கேம்பிலோபேக்டருக்கு மாடும் ஆடும் போதும். 2016 ஆகஸ்டில் நியூசிலாந்தின் ஹேவ்லாக் நார்த் என்ற சின்ன ஊரில் கனமழை பெய்தது, பக்கத்து மேய்ச்சல் நிலத்து ஆட்டுப் புழுக்கை கரைந்து ஒரு குட்டைக்கு வந்தது, குட்டைத் தண்ணீர் நிலத்தடியில் இறங்கி ஊருக்குக் குடிதண்ணீர் கொடுக்கும் ஆழ்குழாய்க் கிணற்றுக்குப் போனது. அந்தத் தண்ணீருக்குக் குளோரின் போடும் வழக்கம் இல்லை, சுத்தமான நிலத்தடி நீர் என்ற நம்பிக்கை. ஏறத்தாழ 14,000 பேர் வாழ்ந்த ஊரில் 5,000க்கும் மேற்பட்டோருக்கு வயிற்றுப்போக்கு, சாவும் நேர்ந்தது. மனிதக் கழிவு ஒரு சொட்டு கலக்கவில்லை.

ஷெரிக்குத் திரும்புவோம். எண்களைப் பார்த்த பண்ணைக்காரர்கள் கோபப்பட்டிருக்கலாம், ஆய்வாளர்களைத் துரத்தியிருக்கலாம். அவர்கள் பாலம் கட்டினார்கள். மாடுகள் கடந்துகொண்டிருந்த இடங்களில் பாலம் வந்தது, மாடுகள் காலை நனைக்காமல் போக ஆரம்பித்தன, கீழே ஈ.கோலை நன்றாகக் குறைந்தது. ஆனாலும் குளிக்கும் அளவுக்குள் வரவில்லை. கண்ணுக்குத் தெரிந்த பெரிய காரணத்தை எடுத்த பிறகுதான் சின்னவை தெரியத் தொடங்கின: மேட்டிலிருந்து மழைத் தண்ணீர் வழியும் நடைபாதை, வேலி போடாத கிளை ஓடை, மாடு தண்ணி குடிக்க இறங்கும் சேற்றுக் குழி, ஒரு எட்டில் தாண்டிவிடக்கூடிய வாய்க்கால். ஒவ்வொரு பண்ணையும் தன் நிலத்துக்கு என்று ஒரு திட்டம் எழுதி, வேலி போட்டு, கரையில் செடி நட்டு அந்த வேலையில் இறங்கினார்கள். பாலம் ஒரு வருஷத்து வேலை, திறப்பு விழா வைக்கலாம். வாய்க்கால் ஒவ்வொன்றாக வேலி போடுவதற்கு விழா கிடையாது, மாடு போன வாரம் எந்த இடத்தில் வேலியை முட்டிச் சாய்த்தது என்று நடந்து போய்ப் பார்க்க வேண்டும்.